தொம்பிலி என்றால் என்ன, சார்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியது பேசியபடியே பல இடங்களில் விடப்பட்டுள்ளது.)

 

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, 'கற்பித்தலில் என் அனுபவம்'. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அனுபவம் முழுவதையும் சொல்ல ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப் போகும். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அர்த்தமே இல்லாத சொற்களை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு என்னவெல்லாம் கற்றுக் கொடுக்கலாம் என்பதுதான் அது. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது!

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. நான் ஒரு பத்தி வாசிக்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

'கிடும்பளத்தில் நாலு தொம்பிலிகள் சவ்விக்கொண்டிருந்தன. அந்த வழியாக ஒரு நொழுக்கன் வந்தான். தொம்பிலிகளைக் கண்டதும் ஒரேயடியாகத் துலுப்பினான். துலுப்பிய வேகத்தில் தொம்பிலிகள் கிடும்பளத்தை விட்டு மிதுங்கின.'

இப்போது கேள்வி. தொம்பிலிகள் எங்கே சவ்விக்கொண்டிருந்தன? கிடும்பளத்தில். சரியான விடை! எத்தனை தொம்பிலிகள்? நாலு. துலுப்பியவன் யார்? நொழுக்கன். துலுப்பியதும் தொம்பிலிகள் என்ன செய்தன? கிடும்பளத்தை விட்டு மிதுங்கின. நாலுக்கு நாலு மதிப்பெண், வெரிகுட் போட்டுக் கொடுத்துவிடலாம்.

இனி, தொம்பிலி என்றால் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். பேராசிரியர்கள்கூட முழிக்கிறீர்கள். எனக்கும் தெரியாது. நானே உண்டாக்கிய சொல் அது.

நண்பர்களே, சிரித்து முடித்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாமல், எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதி முழு மதிப்பெண் வாங்க முடிகிறது. நம் வகுப்பறைகளில் ஆண்டாண்டு காலமாகக் கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. பிள்ளை தேறிவிட்டான் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். அவனுக்குப் பாடத்திலிருந்த நெல்லும் நீரும் அரசனும் அமைச்சனும் தொம்பிலியாகவும் நொழுக்கனாகவும்தான் இருந்தார்களா என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புவரை எப்படியோ ஓடிவிடும். அதற்கு மேல் கணக்கும் அறிவியலும் கனமாகும்போது அந்தப் பிள்ளை நிற்கிறான். 'படிப்பு ஏறல சார், அதான் ஏலத்தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்' என்று வீட்டில் சொல்கிறார்கள். படிப்பு ஏறாமல் போனது அன்றைக்கு அல்ல, மூன்றாம் வகுப்பிலேயே.

இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு அல்ல. இதற்கு ஒரு பெரிய பாரம்பரியம் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 'ஆலிஸ்' கதைகளை எழுதியவர். 1871 கடைசியில் வெளிவந்த இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தில் 'ஜாபர்வாக்கி' என்று ஒரு கவிதை வருகிறது. ஏழு பத்திகள். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒன்றே. அந்த முதல் பத்தியை அவர் 1855-லேயே தம் வீட்டுக் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதி வைத்திருந்தார். அதில் அகராதியில் இல்லாத சொற்கள் ஏராளம். ஆனால் வினை எது, பெயர் எது, ஒருமையா பன்மையா, நடந்து முடிந்ததா என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். இலக்கணம் அத்தனையும் ஆங்கிலம், அர்த்தம் மட்டும் காணோம்! வேடிக்கை என்னவென்றால், அவர் விளையாட்டாகப் படைத்த சொற்களில் ஒன்றிரண்டு பின்னாளில் ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டன. 'சார்ட்டில்' என்று ஒரு சொல். வாய்க்குள் சிரிப்பதையும் மூக்கால் செருமுவதையும் சேர்த்துக் குழைத்த சொல் என்று சொல்வார்கள்.

இன்னொருவர் எட்வர்ட் லியர். ஓவியர், வேடிக்கைப் பாட்டுக்காரர். 1873 முதல் 1875 வரை நம் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். மாமல்லபுரத்துக்கும் திருச்சிக்கும் நீலகிரிக்கும்கூட வந்து படம் வரைந்தார். இங்கே காதில் விழுந்த சொற்களை வைத்து 1874-இல் ஒரு பாட்டு எழுதினார், பம்பாய்ப் பத்திரிகையில் வந்தது. இடுப்பில் கட்டும் கச்சைக்கு 'கம்மர்பண்ட்' என்று பெயர். அந்தச் சொல்லை ஆளை விழுங்கும் விலங்காக மாற்றிவிட்டார் மனுஷன். சொல்லின் ஓசையை மட்டும் கேட்டால் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது! வங்காளத்தில் சத்யஜித் ராயின் தந்தையார் சுகுமார் ராய் இருந்தார். அவருடைய 'ஆபோல் தாபோல்' 1923-இல் வெளிவந்தது. அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டி ஒரே பிராணியாக வரும். இன்றைக்கும் வங்காளப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் இல்லையா? இல்லாமல் என்ன? பொருளில்லாத ஓசை நமக்கு அந்நியமே அல்ல. நடவு வயலிலும் கும்மியிலும் தன்னானே போடுகிறோம். ஏற்றத்திலும் படகிலும் ஏலேலோ போடுகிறோம். திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரின் சந்தத்தைத் 'தனதன தான' என்று வாய்பாடாகத்தான் சொல்லிக் காட்டுகிறோம். எல்லாச் சொல்லும் பொருளைக் குறிக்கும் என்று வகுத்த தொல்காப்பியரே, தனக்கென்று பொருளில்லாமல் நிற்கும் அசைநிலைகளுக்கும் இடைச்சொல்லில் இடம் கொடுத்திருக்கிறார். சடுகுடு விளையாடும் பையன் மூச்சு விடாமல் பாடுவதில் பாதிக்கு அர்த்தம் கேட்டால் அவனுக்கே தெரியாது. ஆனால் ஒரு எழுத்து பிசகாது.

ஆகவே சரக்கு நம்மிடமே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் போதும். நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போகப்போகிற தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, வாசிப்புச் சோதனை.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடகடவென்று வாசிப்பார்கள். கண்ணைப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்! பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. எழுத்து தெரிந்து வாசிக்கிறானா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறானா? தெரிந்துகொள்ள எளிய வழி, இல்லாத சொல்லைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொல்வது. 'தொம்பிலி'யை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. கொம்பும் காலும் சேர்ந்து 'தொ' என்று தெரிந்தவன்தான் வாசிப்பான். இங்கிலாந்திலேயே 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள். அவற்றில் 20 உண்மைச் சொற்கள், 20 பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படம் போட்டிருப்பார்கள், பிள்ளை பயப்படக் கூடாதே என்று.

இதை மதிப்பெண் போடுவதற்காகச் செய்யக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்று நாம் தெரிந்துகொள்வதற்காகச் செய்ய வேண்டும். கெ, கே, கை மூன்றும் ஒருவனுக்குக் குழம்பும். ற, ர இன்னொருத்திக்குக் குழம்பும். அதற்கேற்ப நாளைக்குப் பத்துப் பொய்ச் சொல் எழுதிக் கொடுக்கலாம். செலவு ஒரு சாக்பீஸ்.

இரண்டு, இலக்கணம்.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1958-இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற அம்மையார் சின்னக் குழந்தைகளிடம் பறவை மாதிரி ஒரு படத்தைக் காட்டினார். 'இது ஒரு வக்' என்றார். பிறகு இரண்டு படங்களைக் காட்டி, 'இப்போது இரண்டு என்ன?' என்று கேட்டார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்தார்கள். அதாவது, பிள்ளைகள் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, விதியையே உள்வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

தமிழில் செய்து பாருங்கள், இன்னும் அற்புதமாக இருக்கும். 'இது கிடும்பளம். நான் இதுக்குள்ளே போனேன். எங்கே போனேன்?' என்று மூன்றாம் வகுப்பில் கேட்டேன். 'கிடும்பளத்துக்குள்ள சார்!' என்று மொத்த வகுப்பும் கத்தியது. மரம் மரத்தில் ஆவது போல, மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்து உட்கார்ந்துவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தது? 'தொம்பிலி'யோடு 'ஐ' சேர்க்கச் சொன்னால் 'தொம்பிலியை' என்கிறார்கள். நடுவே யகரம் உடம்படுமெய்யாக வந்துவிடுகிறது. உடம்படுமெய் என்ற பெயரைக் கேட்டால் ஒன்பதாம் வகுப்பில்கூட வயிற்றைக் கலக்கும். ஆனால் காரியத்தை மூன்றாம் வகுப்பிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லுவேன், 'ஏலே, உங்களுக்கு இலக்கணம் ஏற்கெனவே தெரியும். நான் பேரு மட்டுந்தான் சொல்லித் தரப் போறேன்' என்று. அந்த ஒரு வாக்கியம் பிள்ளைகளின் முகத்தில் கொண்டுவரும் வெளிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

திணை, பால் எல்லாம் இப்படியே. நொழுக்கன் வந்தான் என்றால் உயர்திணையா அஃறிணையா? எப்படிக் கண்டுபிடித்தாய்? தொம்பிலிகள் மிதுங்கின என்றால்? 'ஆன்' வந்தால் ஆண்பால், 'அ' வந்தால் பலவின்பால் என்பதைப் பிள்ளைகளே எடுத்துச் சொல்வார்கள். பொருள் இல்லாததால் விகுதியைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஆகவே கண் நேராக விகுதியின் மேல் போகிறது.

மூன்று, ஒட்டுப் பிராணி.

இரண்டு சொல்லை வெட்டி ஒட்டுவது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 'தமிங்கிலம்' ஆனதே, அந்த மாதிரி. என் வகுப்பில் பிறந்த சில பிராணிகள்: பூனையும் நாயும் சேர்ந்த பூனாய், குரங்கும் குயிலும் சேர்ந்த குரங்குயில், மாடும் ஆட்டோவும் சேர்ந்த மாட்டோ. பெயர் வைத்ததோடு விடக் கூடாது. அது எங்கே வசிக்கும், என்ன தின்னும், எப்படிக் கத்தும், அதற்கு யார் எதிரி என்று நாலு வரி எழுத வேண்டும். 'மாட்டோவுக்கு டீசல் வேண்டாம், வைக்கோல் போதும். கம்பத்திலிருந்து தேனிக்குப் போக ஒரு கட்டு. சாணி போட்டால் டிரைவர் இறங்கி அள்ள வேண்டும்' என்று ஒரு பையன் எழுதினான். கட்டுரை என்றால் இரண்டு வரிக்கு மேல் ஓடாத கை, அன்றைக்கு ஒரு பக்கம் எழுதியது.

நான்கு, சந்தம்.

'தனதன தான' என்று கைதட்டிச் சொல்லிக் காட்டுவேன். நாலு குறில், ஒரு நெடில், ஒரு குறில். இதே தாளத்துக்குப் பொருளுள்ள சொல்லைப் போடுங்கள் என்றால், 'மழையொரு நாளு' என்பான் ஒருவன். 'வெயிலொரு நாளு' என்பாள் இன்னொருத்தி. 'வயிறொரு கேடு' என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது கையாலும் காதாலும் ஏறிவிடுகிறது. பண்ணைப்புரத்திலிருந்து ஓர் இளையராஜா புறப்பட்ட பள்ளத்தாக்கு இது. நம் பிள்ளைகளுக்குத் தாளம் தெரியாதா என்ன?

ஐந்து, வீட்டுச் சொல்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நம் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். குமுளி மலை ஏறினால் மலையாளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த புதிதில் வாயே திறக்க மாட்டார்கள். திறந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஆகவே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், ஆளுக்கு ஒரு வீட்டுச் சொல் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பொருளை ஊகிக்க வேண்டும். தெலுங்கு வீட்டில் பூனைக்குப் 'பில்லி'. கன்னட வீட்டில் வீட்டுக்கு 'மனெ'. 'அட, நம்ம மனை மாதிரி இருக்கே' என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 'வெள்ளம் குடிச்சேன்' என்று மலையாளத்தில் சொன்னால் வகுப்பே வாயைப் பிளக்கும். வெள்ளத்தையா குடித்தாய் என்று! அங்கே தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்.

தொம்பிலிக்கும் பில்லிக்கும் என்ன வேறுபாடு? தொம்பிலிக்கு எந்த வீட்டிலும் அர்த்தம் கிடையாது. பில்லிக்கு ஒரு வீட்டில் அர்த்தம் உண்டு. நமக்குப் புரியாத பேச்சு அர்த்தமற்ற பேச்சு ஆகிவிடாது என்கிற பாடத்தை இதைவிடச் சுலபமாக நடத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு முறை நான்காம் வகுப்பில் இந்தத் தொம்பிலிப் பத்தியைக் கொடுத்து, 'இது என்ன கதை என்று நீங்களே முடிவு பண்ணுங்க. படம் வரைங்க, அப்புறம் சொல்லுங்க' என்றேன். சிலருக்குத் தொம்பிலி மீன், கிடும்பளம் கண்மாய், நொழுக்கன் வலை போடுகிறவன். சிலருக்குத் தொம்பிலி திராட்சைத் தோட்டத்துக் குருவி, நொழுக்கன் தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிற காவல்காரன். எல்லாமே பொருந்துகிறதே! ஏன் பொருந்துகிறது என்று பத்தியிலிருந்து வரியை எடுத்துக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள்.

ஒரு பெண் குழந்தை. அதிகம் பேசாதவள். அம்மா விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக மலைக்குப் போய்விடுவார், ஏலக்காய் எடுக்க. இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அவள் வரைந்த படத்தில் செடிகளுக்கு நடுவே நாலு பெண்கள் குனிந்து நின்றார்கள். தள்ளி ஒரு ஆள், கையில் குடை. 'தொம்பிலின்னா காய் எடுக்குறவங்க சார். கிடும்பளம்னா எஸ்டேட். நொழுக்கன்னா கங்காணி' என்றாள். 'துலுப்பினான்னா?' என்று கேட்டேன். 'வஞ்சான் சார். வேல காணாதுன்னு வஞ்சான். அதான் அவங்க மிதுங்கிட்டாங்க' என்றாள். 'மிதுங்கிட்டாங்கன்னா என்னம்மா?' 'அழுதுக்கிட்டே ஜீப்புல ஏறிட்டாங்க சார்.'

வகுப்பு அமைதியாகிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பல பிள்ளைகளின் அம்மாக்களும் அந்த ஜீப்பில் போகிறவர்கள்தான். ஒரு பையன் மெதுவாக, 'எங்கம்மாவும் தொம்பிலிதான் சார்' என்றான்.

'என் அம்மா' என்ற தலைப்பில் அதே குழந்தை எழுதிய கட்டுரை என்னிடம் இருந்தது. 'என் அம்மா நல்லவர். எனக்குச் சோறு ஊட்டுவார். நான் என் அம்மாவை நேசிக்கிறேன்' என்று மூன்று வரி, கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியது. அர்த்தமுள்ள சொற்களை வைத்து அவளால் சொல்ல முடியாததை, அர்த்தமில்லாத சொற்களை வைத்துச் சொல்லிவிட்டாள். காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். அர்த்தமுள்ள சொற்களுக்கு எல்லாம் ஏற்கெனவே விடை எழுதி வைத்துவிட்டோம். அம்மா என்றால் சோறு ஊட்ட வேண்டும். தொம்பிலிக்கு நாம் விடை எழுதி வைக்கவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. அதில் அவள் தன் வீட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துக்களையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை. 'இருக்கிற சொல்லே பிள்ளைக்குத் தெரியல, இல்லாத சொல்லு எதுக்கு வாத்தியாரே?' என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: 'அண்ணே, மாடு ஓட்டப் பழகுறவன் முதல்ல சுமையில்லாத வண்டியைத்தானே ஓட்டுறான்? சுமையை அப்புறம் ஏத்திக்கலாம்.' வாரத்தில் ஒரு பீரியட் போதும். அதற்கு மேல் போனால் விளையாட்டு சலித்துவிடும், பாடமும் நிற்கும். விளையாடி முடித்ததும் மறுநாளே உண்மையான பாடத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே தெரியாத சொல் வந்தால், 'இதையும் தொம்பிலி மாதிரி ஊகித்துப் பார்' என்று சொல்ல வேண்டும். சுற்றியிருக்கும் சொற்களை வைத்துப் பொருளை நெருங்குகிற பழக்கம் அப்போதுதான் பாடப் புத்தகத்துக்கு வந்து சேரும். ஊகித்த பிறகு அகராதியைப் புரட்ட வேண்டும். தொம்பிலிக்கு எந்த விடையும் சரி. ஆனால் 'கழனி'க்கு வயல்தான் விடை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டால் நாம் கெடுத்தவர்கள் ஆவோம்.

இன்னொரு எச்சரிக்கை. பொய்ச் சொல் உண்டாக்கும்போது யாருடைய ஊரையும் சாதியையும் உடலையும் கேலி செய்யும் சொல் உருவாகிவிடக் கூடாது. நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒருத்தனுக்குப் பட்டப் பெயர் வைக்க இது நல்ல வசதி. வாத்தியார் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் இப்படிப்பட்ட கற்பித்தலுக்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஏணிப்படியும் அட்டைகளும் 2007-இல் மாநிலம் முழுதும் வந்தன. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், வாத்தியாரும் கூடவே உட்கார்ந்தார். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. திட்டங்கள் வரும், போகும், பெயர் மாறும். எந்தத் திட்டத்திலும் வகுப்பைத் தன் கையில் வைத்திருக்கிற ஆசிரியருக்கு வாரத்தில் நாற்பது நிமிடம் கிடைக்காமல் போகாது.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் ஏதாவது ஒரு பள்ளிக்கு மின்விசிறி, பீரோ, நாற்காலி என்று வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் வேண்டாம், ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மலைக்கு ஜீப் போகிற ஊர் ஒன்றில், இந்தக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் போய் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அன்றைக்கு அம்மாமார் மலையில் இருப்பார்கள், வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். தமிழ்த் துறை மாணவர்கள் இலக்கண விளையாட்டை எடுத்துக்கொள்ளட்டும். விலங்கியல் மாணவர்கள் ஒட்டுப் பிராணியை எடுத்துக்கொள்ளட்டும். பாடத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் சந்தத்தை எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் எழுதியதையும் வரைந்ததையும் சேர்த்து வைத்து, அடுத்த ஆண்டு மலரில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். நம்முடைய பழைய நினைவுகளுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் மாட்டோவும் குரங்குயிலும் இருந்தால் மலருக்குக் குறைவு வந்துவிடாது.

போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. அங்கே ஏதாவது ஒரு பிள்ளை உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, 'தொம்பிலின்னா என்ன சார்?' என்று கேட்கும். விடை சொல்லிவிடாதீர்கள். 'நீ சொல்லு கண்ணு' என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.